அட்மின் பாஸ்வேர்டையும் சார்ஜ் லிஸ்டில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது மீனாட்சிபுரம். இங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கத்தில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ், ஆபீஸ் தாள்கள் மலையாளம், கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷ். உங்கள் பத்திரிகையைப் பால் சொசைட்டிக்காரர்களும் டீச்சர்மாரும் வியாபாரிகளும் ஒருவர் கை மாற்றி ஒருவர் படிக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பழைய பெட்டியை மாற்றுகிறவர்களும் விண்டோஸ் 11 ஏற்றுகிறவர்களும் கடைக்கு நிறைய வருகிறார்கள். அவர்களோடு ஒரு பேச்சும் தவறாமல் வருகிறது: "அட்மின் பாஸ்வேர்டு தெரியலைங்க." கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஏற்றவும் அமைப்பை மாற்றவும் அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு அது. மறந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் முக்கால்வாசி மறதியே இல்லை. அந்தப் பாஸ்வேர்டு அவர்களிடம் ஒருநாளும் கொடுக்கப்பட்டதே இல்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் பக்கத்துப் பால் சொசைட்டி ஒன்றிலிருந்து விடியற்காலையில் போன் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். போய்ப் பார்த்தால், தூக்குப்போசியும் கேனுமாக ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். தராசில் எடை வருகிறது, டெஸ்ட் மிஷினில் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு தவிர்த்த மற்றச் சத்து) வருகிறது, கம்ப்யூட்டரில் கணக்கும் ஏறுகிறது. சீட்டு மட்டும் வரவில்லை. பழைய பிரிண்டர் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டது. புதுசு வாங்கிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதற்கான மென்பொருளை ஏற்றப் போனால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அங்கே தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குத் தன் பாஸ்வேர்டு நன்றாகத் தெரியும். ஆனால் அது சாதாரணக் கணக்கு. அட்மின் பாஸ்வேர்டு பழைய செயலாளருக்குத் தெரியும் என்றார் தலைவர். அவருக்குப் போன் போட்டால், கம்ப்யூட்டர் வைத்துக்கொடுத்த பையனுக்குத்தான் தெரியும் என்றார். பையன் கல்ஃபுக்குப் போய்விட்டான், நம்பரும் மாறிவிட்டது.

வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "சீட்டு இல்லாம ஊத்திப்போட்டா, அப்பறம் ஃபேட் என்ன வந்துச்சுன்னு நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது கண்ணு?" நியாயமான கேள்வி. ஃபேட் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறும். ஒன்றிரண்டு மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் கையில் இருக்கிற ஆதாரம்.

பழைய செயலாளரையும் அந்தப் பையனையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். செயலாளர் மாறியபோது பீரோ சாவி, ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், நாற்காலி, மின்விசிறி என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் சார்ஜ் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை, அதாவது சார்ஜ் லிஸ்டை, தலைவர் எனக்கே காட்டினார். அதில் கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று என்று இருக்கிறது. பாஸ்வேர்டு இல்லை. அட்மின் பாஸ்வேர்டு என்பது யாரோ ஒருவர் மனதில் வைத்திருக்க வேண்டிய சங்கதி என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். அது அந்த இடத்துக்குச் சொந்தமானது. பீரோ சாவி மாதிரி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எழுத்தோடு போக வேண்டியது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்குத் தலைவரிடம் சொசைட்டி லெட்டர் பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, முதலில் டிஸ்க்கில் இருந்ததை முழுக்க வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அப்புறம்தான் அட்மின் கணக்கில் கை வைத்தேன். சாயங்காலப் பாலுக்குச் சீட்டு வந்துவிட்டது.

இப்படி வருகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "பழைய பாஸ்வேர்டு என்னன்னு மட்டும் எடுத்துச் சொல்லிப்போடுங்க அம்மிணி, அது போதும்." அதை என்னால் எடுத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடையாது. நீங்கள் அடிக்கிற எழுத்துகளை ஒரு கணக்குப் போட்டுச் சிதைத்து, வருகிற விடையை மட்டும்தான் அது வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை நீங்கள் அடித்ததும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால் கதவைத் திறக்கும். விடையிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாஸ்வேர்டை எடுக்க வழி கிடையாது, ஒவ்வொன்றாக ஊகித்து அடித்துப் பார்ப்பதைத் தவிர. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காமல் இப்படிச் சிதைத்து வைப்பது ஏன் என்பதை ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இரண்டு கம்ப்யூட்டர் நிபுணர்கள் 1979-லேயே யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய கட்டுரையில் விளக்கிவிட்டார்கள். ஆகவே, எந்தக் கடைக்காரர் செய்தாலும் பழையதை அழித்துப் புதியது வைப்பதுதான் நடக்கும். அப்படிப் பலவந்தமாக மாற்றும்போது பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம். விண்டோஸிலேயே பூட்டி வைத்த ஃபைல்கள் இருந்தால் அவையும் திறக்காமல் போகலாம். அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியதைப் பாருங்கள்.

முதலில் கீபோர்டு. கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பார்க்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனையோ வருடமாக அடிக்கிற பாஸ்வேர்டு திடீரென்று தவறு என்கிறதாம். கை தானாகவே அடிக்கும் என்றார். அடித்தும் காட்டினார். விரல்கள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். இ-என்-ஜி என்று இருக்கும் இடத்துக்குக் கீழே யு-கே என்று இருந்தது. லண்டனிலிருந்து லீவில் வந்த மகன் அந்த லேப்டாப்பில் வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பிரிட்டிஷ் கீபோர்டு அமைப்பில், நம் கீபோர்டில் 2-க்கு மேலே இருக்கிற @ குறி வேறு இடத்தில் இருக்கும். ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறிதான் விழும். டீச்சரின் பாஸ்வேர்டில் @ இருந்தது. மூலையில் இருப்பதைத் தட்டி மாற்றினேன், அவரே அடித்தார், திறந்துகொண்டது. நம் பக்கத்தில் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று கீபோர்டும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்கிறோம், ஆகவே இது அடிக்கடி நடக்கிறது. நுழையும் திரையிலேயே கண் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்திக்கொண்டு நீங்கள் அடித்தது என்ன என்று கண்ணால் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் என்று இருக்கும் குறியைத் தட்டித் திரைக் கீபோர்டைக் கொண்டுவந்து அதில் அடியுங்கள்.

அப்புறம், கோபத்தில் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றிய பெட்டிகளில், பத்து தடவை தப்பாக அடித்தால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அட்மின் கணக்குக்கும் இது உண்டு. அந்தப் பத்து நிமிடம் ஆறிய பிறகு நிதானமாக அடித்தால் பலருக்குச் சரியாகிவிடுகிறது.

அதற்குமேல், அது எந்த வகைக் கணக்கு என்று தெரிய வேண்டும். ஈமெயில் முகவரியோடு இணைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், கையில் இருக்கிற போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், ஓ.டி.பி. வருகிற நம்பர் உங்களிடம் இருக்கும்வரை. எல்லையில் இருக்கிறவர்கள் சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். கணக்கில் கொடுத்த நம்பர், மாற்று ஈமெயில் எல்லாவற்றையுமே ஒரேயடியாக மாற்ற வேண்டியிருந்தால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். இணையத்தோடு தொடர்பில்லாத லோக்கல் கணக்கு என்றால், 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு தப்பானதும் கீழே ரீசெட் என்று வரும், அதைத் தட்டினால் அந்தக் கேள்விகளைக் கேட்கும். பிறந்த ஊர் எது என்ற கேள்விக்குப் பாலக்காடு என்று பதில் கொடுத்திருப்பார்கள். அதைப் புது எழுத்தில் கொடுத்தார்களா, அந்தக் கால இங்கிலீஷ்காரன் எழுதிய பால்காட் என்று கொடுத்தார்களா என்று அங்கே நின்றுவிடுவார்கள். அந்தப் பதில்களையும் எழுதித்தான் வைக்க வேண்டும். அதே பெட்டியில் இன்னொரு அட்மின் கணக்கு இருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம், அதன் வழியாக நுழைந்து மாற்றிவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. இனிச் சொல்லப்போவது சரிசெய்ய முடியாதது, எனக்கு ஆத்திரம் வருவதும் இதில்தான்.

தென்னை நார் வியாபாரி ஒருவர். மில் தமிழ்நாட்டுப் பக்கம், குடோன் கேரளப் பக்கம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் செக்போஸ்ட் போனபிறகு லாரி நிற்பதில்லை என்றாலும், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில் வேண்டும். அவருடைய பில், டேலி மென்பொருளில் போட்ட கணக்கு, யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லாமே ஒரு லேப்டாப்பில். மதர்போர்டு பழுதாகி ஒரு சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொண்டு வந்தார். திறந்தால் நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. "நான் பாஸ்வேர்டே போட்டதில்லைங்க, நாலு நம்பர் பின் மட்டுந்தானுங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. விண்டோஸ் 11 இருக்கிற பல புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான பெட்டிகளில் இப்படி ஆகிறது. சாதாரண நாட்களில் உரிமையாளருக்கு இது தெரியவே தெரியாது. மதர்போர்டு மாறுவது, பயாஸில் (பெட்டி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஏதாவது மாற்றம் வருவது போன்ற சமயங்களில், உண்மையான ஆள்தானா என்று அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

அந்த எண் எங்கே இருக்கிறது? முதல் நாள் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லேப்டாப்பைத் திறந்தார்களோ அந்தக் கணக்கில். இவருக்கு ஈமெயில் இல்லை என்று, லேப்டாப் விற்ற கடையில் வேலை பார்த்த தம்பி அவசரத்துக்கு ஏதோ ஒரு ஈமெயிலைப் புதிதாக உண்டாக்கி அதில் திறந்து கொடுத்திருக்கிறார். அது எந்த ஈமெயில் என்று இவருக்குத் தெரியாது, கடையிலும் எழுதி வைக்கவில்லை. தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். தேடிப்பிடித்துக் கேட்டபோது எத்தனையோ பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தேன், நினைவில்லை என்றாராம்.

நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டாலும் அதே எண்ணைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்டுக்கே எழுதினாலும் அந்த எண்ணை உண்டாக்கித் தர அவர்களால் முடியாது. காகித பில்களை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, கணக்குப் பிள்ளையும் அவர் மகளுமாக எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். பாக்கி வைத்திருந்தவர்களில் யார் நேர்மையாகச் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

டிஸ்க் பூட்டிக்கொள்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. லேப்டாப் களவு போனால் கணக்கும் போட்டோவும் திருடன் கைக்குப் போகாமல் காப்பது அதுதான். ஆனால் பூட்டைப் போட்டு விற்றுவிட்டு, சாவி எங்கே என்று வாங்குகிறவருக்குச் சொல்லாமல் அனுப்புவது பெரிய அநியாயம். கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்கள் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். வாடிக்கையாளரின் சொந்த ஈமெயிலிலும் சொந்த போன் நம்பரிலும் மட்டும் கணக்குத் திறந்து கொடுங்கள். ஈமெயில் இல்லை என்றால் அவர் போனிலேயே அவருக்கு எதிரிலேயே ஒன்று உண்டாக்கி, முகவரியை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலைகூட இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இதைப் படித்ததும் உங்கள் லேப்டாப் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அது ஆன் ஆகியிருந்தால், எந்த ஈமெயிலில் நுழைந்திருக்கிறீர்கள் என்பதை அகவுன்ட்ஸ் பகுதியில் பாருங்கள். அந்தக் கணக்கின் இணையப் பக்கத்துக்குப் போனால் உங்கள் பெட்டியின் பெயரும், ரிகவரி கீ என்கிற அந்த 48 இலக்க எண்ணும் இருக்கும். இன்றைக்குப் பெட்டி நன்றாக ஓடும்போதே பிரிண்ட் எடுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள்.

பாஸ்வேர்டு தெரியவில்லை என்றதும் "ஃபார்மட் போட்டுடலாம்" என்று சொல்கிற பழுது பார்ப்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. அப்படிச் சொன்னால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். டிஸ்க் பூட்டப்படாததாக இருந்தால் ஃபைல்களை முதலில் நகல் எடுக்க வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் அழிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பள்ளிக்கூடங்களில் நிலைமை கொஞ்சம் தேவலை. கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குக் கொடுக்கிற லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதில், உபுண்டு என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. மாற்றலாகிப் போன டீச்சரோடு பாஸ்வேர்டும் போய்விட்டால், பெட்டி தொடங்கும்போதே ரிகவரி முறையில் நுழைந்து புதியது வைத்துவிடலாம், டிஸ்க்கைப் பூட்டாமல் இருந்தால். டேலியில் கணக்குகளைப் பூட்டி வைக்கிற வால்ட் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறவர்கள் மட்டும் கவனம். அது மறந்தால் டேலி நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது.

சரி, மறக்காமல் இருக்கிற மாதிரி வைப்பது எப்படி? எங்கள் பக்கத்தில் பாஸ்வேர்டு என்றால் ஒன்று வண்டி நம்பர், கே.எல். 70 அல்லது டி.என். 41 என்று ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் குலதெய்வத்தின் பெயரோடு 123. இரண்டையும் ஊரில் உள்ளவர்கள் ஊகித்துவிடுவார்கள். இதற்குப் பயந்து சிலர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து எதையோ வைத்து அதே வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கலவை விதியும், அவ்வப்போது மாற்றச் சொல்கிற பழக்கமும் பரவியதற்கு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2004-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு பெரிய காரணம். அதை எழுதிய பில் பர் என்பவரே, தான் சொன்னதில் பலவற்றுக்கு வருந்துவதாக 2017-ல் சொல்லிவிட்டார். அந்த வருடம் வந்த புதிய வழிகாட்டி அந்த இரண்டு விதிகளையும் கைவிட்டது. 2025-ல் வந்த திருத்தம், பாஸ்வேர்டு ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் இடங்களில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. ஆக, நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்து வையுங்கள். குடம், ரயில், எட்டு, சட்னி என்கிற மாதிரி. இங்கே அச்சில் வந்ததை யாரும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அடிக்கிறோம். ழ வந்தால் ஒரு நாள் இசட்-ஹெச், இன்னொரு நாள் வெறும் எல். நெடிலுக்கு ஒரு நாள் ஒற்றை ஏ, இன்னொரு நாள் இரட்டை ஏ. த என்றால் டி-ஹெச்சா, வெறும் டி-யா? மலையாளப் பள்ளியில் படித்த மருமகள் ஒரு மாதிரி எழுதுவார், பொள்ளாச்சியில் படித்த மாமனார் வேறு மாதிரி எழுதுவார். வார்த்தை நினைவில் இருக்கும், எழுத்து இருக்காது. அதனால் ழ, ள, நெடில் இல்லாத வார்த்தைகளாகப் பொறுக்குங்கள். அல்லது பிள்ளைகள் படிக்கிற சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதும்போதும் தமிழில் எழுதாமல், அடிக்கிற இங்கிலீஷ் எழுத்திலேயே ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு எழுதுங்கள். ஓவும் பூஜ்யமும், எல்லும் ஒன்றும் குழப்பாத மாதிரி.

ஆமாம், தாளில் எழுதத்தான் சொல்கிறேன். பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் தப்பு. பூட்டிய பீரோவுக்குள் இருக்கிற தாளை, இணையத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற திருடனால் எடுக்க முடியாது. அட்மின் பாஸ்வேர்டைத் தினமும் அடிப்பதும் இல்லை. வருடத்தில் என்றைக்கோ ஒரு நாள் தேவைப்படுவதை மனதில் வைத்திரு என்று எந்த மனிதரிடமும் கேட்பது நியாயமில்லை.

அந்தப் பால் சொசைட்டியில் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு. அட்மின் கணக்கு இரண்டு, ஒன்று செயலாளருக்கு, ஒன்று தலைவருக்கு. இரண்டு பாஸ்வேர்டையும் தனித்தனித் தாளில் எழுதி, தனித்தனிக் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேலேயே இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட்டுப் பணப்பெட்டிக்குள் வைத்தார்கள். கவரைப் பிரித்தால் யார், எதற்காகப் பிரித்தார் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும், அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிப் புதுக் கவர் வைக்க வேண்டும். ஆள் மாறினாலும் அப்படித்தான். சார்ஜ் லிஸ்டில் "கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டு, ஒட்டிய கவர் இரண்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அந்த வரி அச்சில் வந்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வீட்டிலும் இது வேண்டும். கணவர் இறந்த பிறகு அவருடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்க்கிறேன். இன்ஷூரன்ஸ் தாள், நிலத்தின் வில்லங்கச் சான்று, பேரன் போட்டோ எல்லாம் அதற்குள். அந்த நேரத்தில் அவர்களிடம் பில் கொண்டுவாருங்கள், சான்று கொண்டுவாருங்கள் என்று கேட்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். லேப்டாப் யாருடையது என்று தெரியாமல் திறந்து கொடுக்க மாட்டேன். கணவன் மனைவிக்குள் சண்டை என்று வருகிறவர்களும் உண்டு, செக்போஸ்ட் தாண்டி வந்து "இது என் ஃபிரண்டோடது, திறந்து குடுங்க" என்று சொல்கிற பையன்களும் உண்டு. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் மோசடி எண்ணத்தோடு நுழைவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் இருக்கிறது. அதைவிட, எங்கள் தொழில் நிற்பதே நம்பிக்கையின் மேல்தான். உரிமை கேட்காமல் திறந்து கொடுக்கிற கடை உங்கள் ஊரில் இருந்தால், அங்கே உங்கள் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். இரண்டு மாநிலத்துக் கூட்டுறவு, பால்வள, கல்வித் துறை அதிகாரிகளும் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், சார்ஜ் ஒப்படைக்கும் படிவத்தில் கம்ப்யூட்டர் என்ற வரிக்குக் கீழே அட்மின் பாஸ்வேர்டு, ரிகவரி கீ, எந்த ஈமெயிலில் கணக்கு இருக்கிறது என்ற மூன்று வரியைச் சேர்க்க உத்தரவு போடுங்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பணப்பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அந்தக் கவர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இரண்டாவது உங்களுக்கு, ஆசிரியர் அவர்களே. ரிகவரி கீயை எங்கே பார்ப்பது, எப்படி அச்சடிப்பது என்பதைத் திரையின் படங்களோடு தமிழில் ஒரு அரைப் பக்கம் போட்டால், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படங்கள் எடுத்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் உங்கள் வாசகி,
மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்.